நியோடிமியம்: பிரித்தெடுப்பவருக்கே உரிய உலோகம்

1885 ஜூன் மாதம் வியன்னா அறிவியல் கழகத்தின் முன் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் ஓர் ஆய்வுக் குறிப்பை வைத்தார். அவருக்கு அப்போது வயது 26. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தனிமம் என்று ஐரோப்பிய வேதியியலாளர்கள் ஏற்றிருந்த டிடிமியம் தனிமமே அன்று, இரண்டு தனிமங்களின் கலவை என்பதே அந்தக் குறிப்பின் சாரம். ஒன்றின் உப்புகள் பச்சையாக இருந்தன. மற்றதன் உப்புகள் ரோஜா கலந்த ஊதாவாக இருந்தன. பச்சைக்குரியதற்கு பிரேசியோடிமியம் என்றும் ஊதாவுக்குரியதற்கு நியோடிமியம் என்றும் அவர் பெயர் வைத்தார்.

டிடிமியத்தை அறிவித்தவர் சாமானியர் அல்லர். ஸ்வீடனின் கார்ல் குஸ்தாஃப் மொசாண்டர் சீரியத் தாதுவிலிருந்து 1839இல் லாந்தனத்தைப் பிரித்தவர். அடுத்த சில ஆண்டுகளிலேயே டிடிமியத்தையும் பிரித்துக் காட்டினார். 1869இல் மெண்டலீவ் தம் தனிம அட்டவணையில் டிடிமியத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கினார். பத்தாண்டு கழித்து பிரான்சின் லெகோக் டி புவாபோத்ரான் டிடிமியத்துக்குள்ளிருந்து சமாரியத்தை வெளியே எடுத்தார். மிச்சமிருப்பதாவது ஒரே தனிமமாக இருக்கும் என்று அப்போதும் பலர் நம்பினர். பிராகாவில் போகுஸ்லாவ் பிராவ்னர் 1882இல் ஐயம் எழுப்பினார், ஆனால் பிரித்துக் காட்ட அவரால் முடியவில்லை.

ஆவர் கையாண்ட முறை எளிமையானது, பொறுமையைச் சோதிப்பது. டிடிமியத்தை அம்மோனியம் சேர்ந்த இரட்டை நைட்ரேட் உப்பாக மாற்றிக் கரைசலாக்குவார். கொஞ்சம் சுண்ட வைத்தால் ஒரு பகுதி படிகமாகப் படியும். படிகத்தில் ஒரு தனிமம் இம்மியளவு கூடுதலாகவும், எஞ்சிய நீரில் மற்றது இம்மியளவு கூடுதலாகவும் இருக்கும். இரண்டையும் தனித்தனியே மீண்டும் கரைத்து, மீண்டும் படிய வைக்க வேண்டும். இப்படியே திரும்பத் திரும்பச் செய்துகொண்டு போக, நிறம் மெல்லப் பிரியத் தொடங்கியது. ஹைடல்பெர்க்கில் புன்சனிடம் கற்ற நிறமாலை ஆய்வு ஒவ்வொரு படியிலும் அவருக்கு வழிகாட்டியது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது பழைய ஆய்வகக் கதை. ஆனால் நியோடிமியத்தைப் பற்றி இன்று பேசப்படும் அனைத்தும், மின்வாகனம் முதல் வல்லரசுகளின் வர்த்தகப் போர் வரை, இந்தப் பிரிக்கும் பாட்டிலிருந்தே கிளைக்கின்றன. பூமியில் இந்த உலோகத்துக்குப் பஞ்சம் இல்லை. அதை அதன் உடன்பிறப்புகளிடமிருந்து தூய்மையாகப் பிரித்தெடுக்கும் ஆற்றலுக்குத்தான் பஞ்சம். அந்த ஆற்றலை வளர்த்துக்கொண்ட நாடுகளே அதன் பயனை அனுபவிக்கின்றன.

முதலில் உலோகத்தைப் பார்ப்போம். அணு எண் 60. அடர்த்தி நீரைப்போல ஏழு மடங்கு, ஏறக்குறைய இரும்பின் அடர்த்தியை நெருங்குவது. உருகுநிலை சுமார் 1,020 டிகிரி செல்சியஸ். புதிதாக வெட்டிய முகம் வெள்ளியாக மின்னும், லேசான மஞ்சள் சாயலும் தெரியும். அந்த மினுக்கம் நிலைக்காது. காற்று பட்டதும் மங்கி, மேலே ஆக்சைடு படியும். அலுமினியத்தின் மீது படியும் ஆக்சைடு கெட்டியாகப் பற்றிக்கொண்டு உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. நியோடிமியத்தின் ஆக்சைடோ பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, உள்ளே இருக்கும் புது முகத்தைக் காற்றுக்குக் காட்டிவிடும். இப்படியே அரித்துக்கொண்டு போய், ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள துண்டு ஓராண்டுக்குள் முழுதும் தூளாகிவிடக்கூடும். அதனால் இதைக் கனிம எண்ணெயில் மூழ்கடித்தோ, ஆர்கான் வாயு நிரப்பிய குழாயில் அடைத்தோ வைப்பார்கள். குளிர்ந்த நீரோடு மெதுவாகவும் வெந்நீரோடு வேகமாகவும் வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியேற்றும்.

இது தூய நிலையில் நல்ல காந்தமும் அன்று. அறை வெப்பத்தில் காந்தத்தால் லேசாக ஈர்க்கப்படும், அவ்வளவே. 'நியோடிமியம் காந்தம்' என்று கடைகளில் விற்பதில் எடைக்கணக்கில் பெரும்பங்கு இரும்புதான்; நியோடிமியம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

பூமியின் மேலோட்டில் ஒரு டன் பாறைக்குச் சராசரியாக 40 கிராம் அளவுக்கு நியோடிமியம் இருக்கிறது. ஈயத்தைவிட இது அதிகம், செம்புக்கு அருகில் வரும் அளவு. ஆனால் செம்பும் ஈயமும் தாது நரம்புகளாகத் திரண்டு கிடைக்கின்றன. நியோடிமியம் அப்படித் தனியே திரள்வது அரிது. லாந்தனம், சீரியம், பிரேசியோடிமியம், சமாரியம் என்று அருமண் உலோகக் குடும்பம் முழுவதும் ஒரே படிகத்துக்குள் கலந்தே இருக்கும். எந்தத் தாதுவைத் தோண்டினாலும் கிடைப்பது கூட்டாகத்தான்.

ஏன் இந்தக் கூட்டு? விடை அணுவுக்குள் இருக்கிறது. லாந்தனத்துக்குப் பிறகு அட்டவணையில் ஒவ்வொரு படி ஏறும்போதும் அணுக்கருவில் ஒரு புரோட்டான் கூடும், அதற்கு ஈடாக ஓர் எலக்ட்ரானும் கூடும். அந்தப் புது எலக்ட்ரான் வெளிக்கூட்டுக்குப் போவதில்லை. 4எஃப் எனப்படும் உட்கூட்டில், வெளி எலக்ட்ரான்களுக்கு அடியில் போய் அமர்கிறது. வேதிவினை நடப்பது வெளி எலக்ட்ரான்களால். அவை இந்தக் குடும்பத்தார் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றே. மூன்று எலக்ட்ரான்களை இழந்த அயனியாக எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறார்கள். வேறுபாடு அளவில் மட்டும் சற்றுத் தெரியும். பிரேசியோடிமிய அயனியின் ஆரம் 99 பிக்கோமீட்டர், நியோடிமியத்தின் ஆரம் 98.3 பிக்கோமீட்டர். நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாத இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான் ஆவர் இரண்டையும் பிரித்தார். இன்றைய ஆலைகளும் இதையே நம்பியிருக்கின்றன.

பிரிப்பவருக்குத் தொல்லை தரும் அதே 4எஃப் எலக்ட்ரான்கள்தாம் இந்த உலோகத்தின் எல்லாப் பயன்களுக்கும் காரணம். வெளி எலக்ட்ரான்கள் போர்த்திக் காப்பதால், அணு எந்தப் பொருளுக்குள் போய் உட்கார்ந்தாலும் அவை பெரும்பாலும் தம் இயல்பு மாறாமல் இருக்கின்றன. ஒளியோடு அவை கொள்ளும் உறவு கூர்மையானது. காந்தப் புலத்தோடு கொள்ளும் உறவு பிடிவாதமானது. முதலாவதிலிருந்து கண்ணாடியும் லேசரும் வந்தன, இரண்டாவதிலிருந்து காந்தம் வந்தது.

கண்ணாடிக்குள் நியோடிமிய ஆக்சைடைக் கலந்தால் அழகான ஊதா நிறம் கிடைக்கும். 1920களில் கார்லோவி வாரியின் மோசர் கண்ணாடிப் பட்டறை இதைக் கொண்டு கலைப் பாத்திரங்கள் செய்தது. பகல் வெளிச்சத்தில் ஊதாவாகத் தெரியும் அந்தக் கண்ணாடி, குழல் விளக்கின் கீழே வெளிர்நீலமாக மாறித் தெரியும். நியோடிமியம் ஒளியின் சில அலைநீளங்களை மட்டும் துண்டாக வெட்டி எடுத்துவிடுவதே காரணம். அது மிக அழுத்தமாக வெட்டும் பகுதி 580 நானோமீட்டருக்குச் சற்று மேலே, மஞ்சள் ஒளியில் இருக்கிறது. சோடியத்தின் பளிச்சென்ற மஞ்சள் வரியும் அங்கேதான், 589 நானோமீட்டரில். உருகிய கண்ணாடியைத் தீயில் காட்டும்போது சோடியம் கக்கும் மஞ்சள் ஒளி, ஊதுபவரின் கண்ணைக் கூசச் செய்து வேலையை மறைத்துவிடும். பிரேசியோடிமியமும் நியோடிமியமும் கலந்த மூக்குக்கண்ணாடியைப் போட்டால் அந்த மஞ்சள் மறைந்து, கண்ணாடியின் உருவம் தெளிவாகத் தெரியும். இதற்கு இன்றும் டிடிமியம் கண்ணாடி என்றே பெயர். தனிமப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பெயர் தொழிலாளியின் முகத்தில் பிழைத்திருக்கிறது.

லேசரில் இந்தக் கூர்மைக்கு இன்னும் பெரிய வேலை கிடைத்தது. 1961இல் அமெரிக்காவின் எலியாஸ் ஸ்னிட்சர் நியோடிமியம் கலந்த கண்ணாடியில் லேசர் ஒளியை எழுப்பினார். 1964இல் பெல் ஆய்வகத்தில் கியூசிக்கும் அவருடைய தோழர்களும் இட்ரியம், அலுமினியம் சேர்ந்த கார்னெட் படிகத்தில் நியோடிமியத்தைப் பொதித்தனர். மருத்துவமனைகளில் 'யாக் லேசர்' என்று சொல்வது இதைத்தான். இதன் ஒளி 1,064 நானோமீட்டரில், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பில் வரும். நியோடிமிய அயனியை மேல் நிலைக்கு ஏற்றினால், அது சட்டென்று ஓர் இடைநிலைக்கு இறங்கி அங்கே சிறிது நேரம் தங்கும். அங்கிருந்து ஒளியைக் கக்கிக் கீழே வரும் நிலை அடிநிலை அன்று. அதற்கு மேலே, ஏறக்குறைய காலியாக இருக்கும் இன்னொரு படி. கீழ்ப்படி காலியாக இருப்பதால் மேல்படியில் கூட்டம் சேர்ப்பது எளிது. குறைந்த ஆற்றலில் வலுவான லேசர் கிடைப்பது இதனால்தான்.

கண்புரை அறுவை செய்து செயற்கை வில்லை பொருத்திய சிலருக்கு, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வில்லைக்குப் பின்னாலுள்ள சவ்வு மங்கிப் பார்வை மீண்டும் குறையும். மருத்துவர் கண்ணைத் திறக்காமலே நியோடிமியம் யாக் லேசரின் மிகச் சிறிய துடிப்புகளால் அந்தச் சவ்வின் நடுவே ஒரு துளை போட்டுவிடுவார். சில நிமிட வேலை. தையல் இல்லை. தமிழ்நாட்டுக் கண் மருத்துவமனைகளில் அன்றாடம் நடக்கும் சிகிச்சை இது. நம் வீட்டுப் பெரியவர்கள் பலருடைய பார்வைக்குள் இந்த அருமண் உலோகத்தின் ஒளி ஒருமுறையாவது போய்வந்திருக்கும்.

மறுகோடியில் கலிபோர்னியாவின் லிவர்மோரில் இருக்கும் தேசியப் பற்றவைப்பு நிலையம். அங்கே நியோடிமியம் கலந்த பாஸ்பேட் கண்ணாடிப் பலகைகள் மூவாயிரத்துக்கும் மேல் அடுக்கப்பட்டு 192 லேசர் கதிர்களை வலுப்படுத்துகின்றன. 2022 டிசம்பர் 5 அன்று அந்தக் கதிர்கள் 2.05 மெகாஜூல் ஆற்றலை ஹைட்ரஜன் எரிபொருள் கொண்ட ஒரு சிறு குண்டின்மீது குவித்தன. அணுக்கரு இணைவு 3.15 மெகாஜூலைத் திருப்பித் தந்தது. இலக்கின்மீது செலுத்தியதைவிட அதிக ஆற்றலை ஆய்வகத்தில் இணைவின் மூலம் பெற்றது அதுவே முதல்முறை.

இனி காந்தம். இன்று நியோடிமியத்தின் தேவையைத் தீர்மானிப்பது இதுவே.

1960களில் அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தில் கார்ல் ஸ்ட்ர்னாட் சமாரியமும் கோபால்ட்டும் சேர்ந்த காந்தத்தை உருவாக்கினார். அதற்கு முன்பு இருந்த எதையும்விட அது வலுவானது, விலையும் கடுமை. 1978இல் ஜையர் நாட்டின் ஷாபா மாகாணத்தில் மூண்ட மோதல் கோபால்ட் விலையை உச்சிக்கு ஏற்றியது. கோபால்ட்டை விட்டு இரும்பைக் கொண்டு காந்தம் செய்ய முடியுமா என்ற தேடல் பல நாடுகளில் சூடுபிடித்தது. இரும்பு மலிவானது, வலிமையான காந்தத்தன்மை உடையது. ஆனால் அருமண் உலோகமும் இரும்பும் மட்டும் சேர்ந்த கூட்டுப்பொருள்கள் சற்றுச் சூட்டிலேயே காந்தத்தை இழந்தன. இரும்பு அணுக்கள் ஒன்றையொன்று நெருக்கி அமர்ந்திருப்பதே காரணம் என்று ஜப்பானில் புஜித்சு நிறுவனத்தில் பணியாற்றிய மசாதோ சகாவா கருதினார். இடையில் சிறிய அணு ஒன்றை நுழைத்தால் இரும்புகளுக்கிடையே இடைவெளி கூடும் என்பது அவர் ஊகம். தேடிச் சென்றவருக்குப் போரான் கைகொடுத்தது. நிறுவனம் ஊக்கம் தராததால் அங்கிருந்து விலகி, சுமிதோமோ சிறப்பு உலோக நிறுவனத்தில் சேர்ந்து 1982இல் காந்தத்தைச் செய்து முடித்தார். அதே காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் ஜான் குரோட், உருகிய கலவையைச் சுழலும் சக்கரத்தின்மீது பீய்ச்சி நொடியில் உறையச் செய்யும் வேறொரு வழியில் இதே சேர்மத்தை எட்டினார். இருவரும் 1983 நவம்பரில் பிட்ஸ்பர்க் மாநாட்டில் தங்கள் முடிவுகளை அறிவித்தனர்.

இரண்டு நியோடிமியம், பதினான்கு இரும்பு, ஒரு போரான் என்பது அந்தச் சேர்மத்தின் கணக்கு. இதில் யாருக்கு என்ன வேலை என்பதைத் தேரோட்டத்தை வைத்துச் சொல்லலாம். வடம் பிடித்து இழுக்கும் கூட்டம் இரும்பு. வலிமை முழுவதும் அதனுடையது. தேர் திசை மாறாமல் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர் நியோடிமியம். அதன் 4எஃப் எலக்ட்ரான் முகில் உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருக்கிறது. படிகத்தின் மின்புலத்துக்குள் அது ஒரு குறிப்பிட்ட திசையில்தான் வசதியாக அமரும். அந்தத் திசையிலிருந்து காந்தத்தைத் திருப்ப முயன்றால் அசைந்து கொடுக்காது. லாந்தனத்துக்கு 4எஃப் எலக்ட்ரானே இல்லை. கடோலினியத்தில் ஏழு எலக்ட்ரான்கள் சமமாகப் பரவி முகிலை உருண்டையாக்கிவிடுகின்றன. அதனால் அவற்றால் இந்தப் பிடிவாதத்தைத் தர முடிவதில்லை. வலிமையில் இந்தக் காந்தம், சாதாரண ஒலிபெருக்கிகளில் இருக்கும் கறுப்பு ஃபெரைட் காந்தத்தைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். கணினியின் வன்தட்டு, காதுக்குள் செருகும் ஒலிக்கருவி, மின்வாகன மோட்டார், பல்சக்கரம் இல்லாமல் நேரடியாகச் சுழலும் காற்றாலை ஆகியவை இதனால்தான் சிறிதாகவும் இலகுவாகவும் ஆயின. ஒரு மின்காரின் மோட்டாரில் ஒன்று முதல் இரண்டு கிலோ வரை இந்தக் காந்தம் இருக்கும். நேரடிச் சுழற்சிக் காற்றாலை ஒன்றுக்கு, ஒரு மெகாவாட் திறனுக்குச் சுமார் 600 கிலோ வேண்டும்.

குறைகளும் உண்டு. எளிதில் உடையும், துருப்பிடிக்கும்; அதனால் பெரும்பாலும் நிக்கல் முலாம் பூசியே விற்கிறார்கள். சுமார் 310 டிகிரியில் காந்தத்தை முற்றாக இழக்கும். சாதாரண வகை 80 டிகிரிக்கு மேலேயே தளரத் தொடங்கும். மோட்டாருக்குள் 150 டிகிரிக்கு மேலும் சூடேறும் என்பதால் டிஸ்புரோசியம் சேர்க்கிறார்கள். அது எதிர்ப்பைக் கூட்டும். ஆனால் அதன் காந்தத்திசை இரும்புக்கு எதிராக நிற்பதால் மொத்த வலிமை சற்றுக் குறையும். டிஸ்புரோசியம் நியோடிமியத்தைவிட மிகக் குறைவாகக் கிடைப்பது; பெரும்பாலும் தென்சீனத்தின் களிமண்ணிலிருந்தும் மியான்மரின் கச்சின் பகுதியிலிருந்தும் வருகிறது.

இந்த இடத்தில் பெற்றோருக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். பொம்மைகளிலும் அலங்காரப் பொருள்களிலும் வரும் சிறு உருண்டைக் காந்தங்களைக் குழந்தை ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால், குடலின் இரு மடிப்புகளுக்கு இருபுறமும் அவை ஒட்டிக்கொண்டு நடுவிலுள்ள சதையை நசுக்கித் துளைத்துவிடும். உயிர்ச்சேதம் நேர்ந்திருக்கிறது. சந்தேகம் வந்தாலே காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இப்போது பிரித்தெடுப்புக்குத் திரும்பலாம். ஆவரின் படிகமாக்கல் முறையில் தொழில் நடத்த முடியாது. அமெரிக்காவில் சார்லஸ் ஜேம்ஸ் துலியத்தைத் தூய்மையாக்க 15,000 முறை படிகமாக்கியதாக வரலாறு. இரண்டாம் உலகப் போரையொட்டி அயோவாவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் ஃபிராங்க் ஸ்பெடிங் அயனிப் பரிமாற்ற முறையைச் செம்மைப்படுத்தினார். அதன்பின் கரைப்பான் மூலம் பிரிக்கும் முறை வந்தது. அருமண் உப்புகள் கலந்த அமில நீரையும், கரிம பாஸ்பரஸ் சேர்மம் கலந்த மண்ணெண்ணெயையும் ஒரு தொட்டியில் கலக்கிப் பிறகு தெளிய விடுவார்கள். சற்றுச் சிறிய அயனி எண்ணெய்ப் பக்கம் சற்று அதிகமாகத் தாவும். ஒரு தொட்டியில் கிடைக்கும் பிரிவு அற்பம். நூற்றுக்கணக்கான தொட்டிகளை வரிசையாக இணைத்து, எண்ணெய் ஒரு பக்கமும் நீர் எதிர்ப்பக்கமும் ஓடும்படி வைத்தால் கடைசித் தொட்டியில் தூய பொருள் கிடைக்கும். ஒவ்வொரு தொட்டியின் அளவும் ஓட்டமும் சரியாக அமைய வேண்டும். தவறினால் சரிசெய்ய வாரங்கள் பிடிக்கும்.

சீனாவின் வலிமை இங்கேதான் பிறந்தது. 1972இல் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறைக்கு ஒரு பணி கொடுக்கப்பட்டது: பிரேசியோடிமியத்தையும் நியோடிமியத்தையும் பிரிக்க வேண்டும். அதை ஏற்றவர் சூ குவாங்ஷியான். அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றுத் தாய்நாடு திரும்பியவர், பண்பாட்டுப் புரட்சியில் துன்பப்பட்டவர். தொட்டி வரிசையின் நடத்தையைக் கணிதமாக வடித்து, ஆய்வகச் சோதனையைப் பெரிதாக்கும் இடைக்கட்டங்கள் பலவற்றைத் தாண்டி நேரே ஆலைக்குப் போகும் வழியை அவர் காட்டினார். பயிற்சி வகுப்புகள் நடத்தி அந்தக் கோட்பாட்டை நாட்டின் ஆலைகளுக்கெல்லாம் பரப்பினார். உள்மங்கோலியாவின் பையான் ஓபோ சுரங்கம் சீனாவுக்குத் தாதுவைக் கொடுத்தது. அந்தத் தாதுவை உலகின் விலையாக மாற்றியது இந்தக் கணிதம் என்பதே என் கணிப்பு. அதே காலத்தில் அமெரிக்கா எதிர்த்திசையில் நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் குரோட்டின் காந்தத்துக்காகத் தொடங்கிய மேக்னகுவென்ச் நிறுவனத்தை 1995இல் சீன நிறுவனங்களும் அடங்கிய குழுவுக்கு விற்றது. இந்தியானா மாநிலத்து ஆலைகள் பின்னர் மூடப்பட்டன. கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கமும் 2002இல் வேலையை நிறுத்தியது.

விளைவு தெரிந்ததே. 2010இல் செங்காகு தீவுகளருகே சீனப் படகு ஜப்பானியக் காவல் கப்பல்களோடு மோதியதை அடுத்து, சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போகும் அருமண் சரக்கு சில வாரங்கள் தேங்கியது. விலை பல மடங்கு ஏறியது. உலக வர்த்தக நிறுவனம் 2014இல் சீனாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரலில் டிஸ்புரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் சீனா உரிமக் கட்டுப்பாடு விதித்தது. இந்திய வாகன நிறுவனங்கள் காந்தம் கிடைக்காமல் தவித்தன. உலகின் அருமண் பிரிப்பிலும் காந்த உற்பத்தியிலும் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஒரே நாட்டில் இருப்பதன் பொருள் அப்போது பலருக்கு உறைத்தது.

ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. காந்தத் தொழிலுக்குப் பிரேசியோடிமியமும் நியோடிமியமும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருவதால், ஆலைகள் பல வேளைகளில் இந்த இருவரையும் பிரிக்காமலே விட்டுவிடுகின்றன. உலகச் சந்தையில் விலை பேசப்படுவது பெரும்பாலும் இந்தக் கலவைக்குத்தான். மொசாண்டரின் டிடிமியம் டன் கணக்கில் விற்பனையாகிறது. ஆனால் சீரியத்தையும் லாந்தனத்தையும் சமாரியத்தையும் அகற்றாமல் இந்தக் கலவையும் கைக்கு வராது.

இந்தியாவின் கணக்கு தென்கோடிக் கடற்கரையில் தொடங்குகிறது, அதற்கும் ஆவருக்கும் தொடர்பு உண்டு. அவர் கண்டுபிடித்த வாயு விளக்கு வலைக்கு 1891 முதல் தோரியம் ஆக்சைடு தேவைப்பட்டது. தோரியம் மோனசைட் மணலில் இருக்கிறது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். விரைவிலேயே மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை எழுந்தது. அன்று தோரியம் செல்வம். நியோடிமியம் அடங்கிய மிச்சத்துக்கு மதிப்பு இல்லை. இன்று நிலைமை தலைகீழ். நியோடிமியத்துக்காக மோனசைட்டைத் தேடுகிறோம், கதிர்வீச்சை உமிழும் தோரியத்தைப் பத்திரமாக அடைத்து வைக்க வேண்டியிருக்கிறது.

இந்திய அருமண் நிறுவனம் 1950இல் தொடங்கப்பட்டு, 1952இல் ஆலுவாயில் மோனசைட்டைப் பதப்படுத்தத் தொடங்கியது. சூவுக்குப் பணி கொடுக்கப்படுவதற்கு இருபது ஆண்டு முன்பே நாம் களத்தில் இருந்தோம். நாட்டின் கடற்கரை மணலில் சுமார் 1.3 கோடி டன் மோனசைட் இருப்பதாக அணுக்கனிம இயக்ககம் மதிப்பிட்டுள்ளது. அதில் ஏறத்தாழ 25 லட்சம் டன் தமிழ்நாட்டில். மோனசைட்டில் பாதிக்கு மேல் அருமண் ஆக்சைடு, அதில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்குவது நியோடிமியம். இவ்வளவு இருந்தும் ஆண்டு உற்பத்தி மூவாயிரம் டன் ஆக்சைடை ஒட்டியே நிற்கிறது. 2024இல் சீனா தன் சுரங்கங்களுக்கு அனுமதித்த அளவு 2,70,000 டன். நம்மிடம் ஆக்சைடு வரை வழி இருக்கிறது. அதை உலோகமாக்கும் உருகிய உப்பு மின்னாற்பகுப்பு, கலவை வார்ப்பு, சில மைக்ரான் அளவுக்குப் பொடித்துக் காந்தப் புலத்தில் ஒழுங்காக்கிச் சுடுவது ஆகிய பின்கட்டங்கள் தொழில் அளவில் வளரவில்லை. விசாகப்பட்டினத்தில் 2023இல் தொடங்கியது சமாரியம் கோபால்ட் காந்த ஆலை. 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஆண்டுக்கு 6,000 டன் நியோடிமியம் வகைக் காந்தம் இலக்கு. நல்ல முடிவுதான், தாமதமானது. நம் மோனசைட்டில் டிஸ்புரோசியம் மிகக் குறைவு என்பதையும் அந்தத் திட்டம் கணக்கில் கொள்ள வேண்டும்.

கரையில் வாழ்பவர்களின் கேள்வி வேறு. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை மீனவர்கள் எதிர்க்கிறார்கள். மணல்மேடு போனால் கடல் உள்ளே வரும் என்ற அச்சம் அடிப்படையற்றது அன்று. கதிர்வீச்சைப் பற்றி அறிவியலில் ஒரு தெளிவு உண்டு. கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வு, இயற்கையான மணல் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காட்டவில்லை. ஆனால் மணல் கிடந்த இடத்தில் கிடப்பது ஒன்று, அதைத் தோண்டி அமிலத்திலும் காரத்திலும் கரைத்துத் தோரியக் கழிவைக் குவிப்பது வேறொன்று. மலேசியாவின் புக்கிட் மேராவில் மோனசைட் ஆலை ஊர் மக்களின் நீண்ட போராட்டத்துக்குப் பின் 1990களில் மூடப்பட்டது, தூய்மைப்படுத்தும் வேலை பல ஆண்டுகள் இழுத்தது. அந்த அனுபவத்தை ஒதுக்கிவிட்டு இங்கே திட்டமிடுவது தவறு.

என் முடிவு இது. இந்தியாவுக்கு இன்று கூடுதல் மணலைவிடக் கூடுதல் வேதியியலாளர்களும், உலோகவியலாளர்களும், தொட்டி வரிசையை இயக்கத் தெரிந்த தொழிலாளர்களும் அவசரத் தேவை. ஏற்கெனவே எடுக்கும் தாதுவிலிருந்தே காந்தம் வரை போகக் கற்றுக்கொள்ளாமல் புதிய கரைகளைத் தோண்டினால், மணலும் போகும், விலைமதிப்பும் வேறு நாட்டுக்கே போகும். பழைய வன்தட்டுகளிலும் மோட்டார்களிலும் காந்தம் குப்பையாகிக் கொண்டிருக்கிறது. ஹைட்ரஜன் வாயு பட்டாலே அது உதிர்ந்து பொடியாகும் என்பதால் மீட்பு வழி ஏற்கெனவே தெரிந்த ஒன்றே. அதற்கு முதலீடு வேண்டும். புதிய சுரங்கம் எதற்கும் அனுமதி கேட்பவர்கள், கருநாகப்பள்ளியில் நடந்ததைப் போன்ற நீண்டகால உடல்நல ஆய்வைக் குமரிக் கரையிலும் நடத்தி, கதிர்வீச்சு அளவுகளையும் கடலரிப்புக் கணக்கையும் தமிழில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகங்களில் மக்கள் பார்வைக்கு வைத்த பிறகே அனுமதி கேட்க வேண்டும்.